காசெட்டுக்குள் படம் தேடுவோர்க்கு ஒரு கடைமடைக் கையேடு

இந்தக் கையேடு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி, அதற்காக அடி வாங்கி, இப்போது சம்பளம் வாங்கும் வயதுக்கு வந்த பிறகு, “அந்த மரியோவோட மீசை அந்த டப்பாவுக்குள்ள எங்கதான் இருந்துச்சு?” என்று நடுராத்திரியில் யோசிப்பவர்களுக்கு. நடுராத்திரியில் யோசிக்க உருப்படியான கவலை வேறு உள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த நிறுத்தம் ரொம்ப தூரம்.

தேவையான பொருட்கள்: மஞ்சள் காசெட் ஒன்று, ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நன்றாகத் தூங்கும் குடும்பம் ஒன்று. கடைசிப் பொருள் இல்லாவிட்டால் மற்ற நான்கும் இருந்து பயனில்லை.

படி 1: காசெட்டைத் தேடி எடுத்தல்

பரணில் பாருங்கள். பித்தளை அண்டாவுக்கும் மாமா கல்யாண ஆல்பத்துக்கும் பின்னால் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருக்கும்.

தேடும் நேரத்தில் வரலாறு கொஞ்சம். நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு விட்டது. வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மசாயுகி உஎமுரா. சிப் செய்து கொடுத்தது ரிக்கோ. நம் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் அதன் நகல்தான்: மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில். சாமுராய் என்ற பெட்டி வைத்திருந்த வீட்டுப் பையன் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பான். பெட்டி வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய எம்.வி. சிதம்பரம் பயணிகள் கப்பல் 1985இல் தீப்பிடித்து நின்றுபோனது. அதனால் டிவி கேம் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சபுராளி மாமாக்கள் விமானத்தில் சென்னை இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே பெட்டியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மாமாவுக்கு நன்றி சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: கழற்றுதல்

காசெட்டின் அடியில் 60 பின் கொண்ட தகடு தெரியும். பக்கத்துக்கு முப்பது. நாகப்பட்டினத்துக் காசெட் என்றால் அதில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காத ஊரில் செப்புத் தகடு மட்டும் என்ன செய்யும்? அந்தக் காலத்தில் இதற்கு நாம் செய்த வைத்தியம் வாயால் ஊதுவது. ஊதியதும் ஓடும். எச்சில் ஈரத்தில் தகடு மேலும் பச்சை பூக்கும், மறுபடி ஊதுவோம், மறுபடி ஓடும். காசெட்டைக் கழற்றிச் செருகியதாலேயே ஓடியது என்பதை ஊதிய வாய் எதுவும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது திருகைக் கழற்றுங்கள். இந்த நேரத்தில் அம்மா விழித்துக்கொள்வார்.

“டேய், அத ஏன்டா கழட்டுற? ரேடியோவ கழட்டுனியே, திரும்ப மாட்டுனியா?”

“இல்லம்மா, உள்ள படம் எப்படி இருக்குன்னு பாக்குறேன்.”

“உள்ள என்ன படம் இருக்கும்? சாமி படமா இருக்கும்? மூடி வைடா.”

அம்மா சொன்னது சரி. திறந்தால் பச்சைப் பலகையின் நடுவே கறுப்பாக ஒரு பிசின் சொட்டு, அவ்வளவுதான். அசல் நிண்டெண்டோ காசெட் என்றால் இரண்டு சிப் தனித்தனியாகத் தெரியும்: ஒன்றில் விளையாட்டின் கட்டளைகள், இன்னொன்றில் படங்கள். நகல் செய்தவர்கள் சிப்பை உறைகூட இல்லாமல் பலகையில் ஒட்டி, மேலே பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். சுரண்டினால் சிப் செத்துப்போகும். ஆகவே இந்தப் படி வீண். ஆனாலும் செய்யாமல் விட யாருக்கும் மனசு வராது என்பதால் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

படி 3: உறிஞ்சுதல்

காசெட்டைச் செருகினால் உள்ளிருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்கு எடுத்துக் கொடுக்கும் டம்பர் என்ற கருவி உண்டு. வாங்குங்கள். இணையத்தில் எவனோ போட்டுவைத்த கோப்பை இறக்கினால் வேலை சுலபம்தான், ஆனால் அது நிண்டெண்டோவின் சொத்து. அவர்களுடைய வக்கீல்கள் நம்ம ஊர் வாய்க்கால் தகராறுக்கு வாதாடுகிறவர்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் அதன் தலையைப் பாருங்கள். முதல் 16 பைட் காசெட்டில் இருந்ததல்ல. ஐநெஸ் என்ற எமுலேட்டருக்காக, அதாவது ஃபேமிகாம் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் நிரலுக்காக, அதை எழுதிய மராத் ஃபைசுலின் தொண்ணூறுகளில் வகுத்த முகப்பு அது. அதில் ஐந்தாவது பைட், கட்டளைகள் எத்தனை 16 கிலோபைட் என்று சொல்லும். ஆறாவது பைட், படங்கள் எத்தனை 8 கிலோபைட் என்று சொல்லும். 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு அந்த எண்கள் 2, 1. அதாவது கட்டளை 32,768 பைட், படம் 8,192 பைட். முகப்பையும் சேர்த்தால் 40,976.

உங்கள் சித்தப்பா தினமும் காலை அனுப்பும் ரோஜாப்பூ வணக்கப் படத்தின் அளவைப் பாருங்கள். எட்டு உலகம், முப்பத்திரண்டு கட்டம், டிராகன், இளவரசி, பாட்டு எல்லாம் சேர்ந்ததைவிட அந்த ரோஜா பெரியது. சித்தப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், மறுநாள் இரண்டு ரோஜா வரும்.

படி 4: கணக்கு இடிக்கிறதே என்று திகைத்தல்

இந்தப் படியைத் தாண்டக் கூடாது, திகைத்தே ஆக வேண்டும். ஃபேமிகாமின் திரை குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240. பெருக்கினால் 61,440. புள்ளிக்கு 2 பிட் வீதம் வைத்தாலும் ஒரே ஒரு திரைப் படத்துக்கு 15,360 பைட் வேண்டும். மரியோவின் மொத்தப் படக் கிடங்கே 8,192 பைட். அரைத் திரைக்குச் சற்று மேலே காணும் சரக்கை வைத்துக்கொண்டு முழு விளையாட்டையும் எப்படி ஓட்டினார்கள்?

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் எப்போது வரும், வந்தால் எவ்வளவு வரும் என்று வாய்க்கால் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு விடை சட்டென்று விளங்கும். இந்தச் சிப்பும் ஒரு கடைமடை. அங்கே விளைச்சல் எடுப்பது கணக்குப்பிள்ளை வேலை.

படி 5: ஒரு கட்டத்தைப் பிரித்தல்

கணக்கு நோட்டை எடுங்கள். நிண்டெண்டோவிலும் மரியோவை வடிவமைத்த மியாமோட்டோ, தெசுகா முதலியவர்கள் கட்டம் போட்ட தாளில்தான் முதலில் வரைந்தார்கள். எட்டுக்கு எட்டு கட்டம் ஒன்று போடுங்கள். இதற்கு டைல் என்று பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் 0, 1, 2, 3 என்ற நாலு எண்ணில் ஒன்று. நிறம் எதுவும் கிடையாது, வெறும் எண்.

இந்த எண்களைச் சேமிக்கும் விதம்தான் வேடிக்கை. ஒரு வரிசையின் எட்டு எண்களையும் ஒன்றாக எழுதி வைக்க மாட்டார்கள். இரண்டு அடுக்காகப் பிரித்துவிடுவார்கள். முதல் அடுக்கில் எட்டு பைட், அதற்குப் பின்னால் இரண்டாம் அடுக்கில் எட்டு பைட். மொத்தம் 16. உதாரணமாக, முதல் அடுக்கின் ஒரு வரிசையில் 60 என்ற எண் இருக்கிறது. இரும எண்ணாக விரித்தால் 00111100. இரண்டாம் அடுக்கில் அதே வரிசையில் 24 இருக்கிறது. விரித்தால் 00011000. முதல் அடுக்கில் உள்ள 1க்கு மதிப்பு ஒன்று, இரண்டாம் அடுக்கில் உள்ள 1க்கு மதிப்பு இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கூட்டினால் 0, 0, 1, 3, 3, 1, 0, 0. எட்டுப் புள்ளி கிடைத்துவிட்டது. இதேபோல இன்னும் ஏழு வரிசை செய்தால் ஒரு டைல். மரியோவில் இப்படி 512 டைல், அசைகிறவற்றுக்கு 256, பின்னணிக்கு 256. எல்லாவற்றையும் கையால் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பொறுமை இல்லாதவர்கள் டைல் லேயர் புரோ போன்ற நிரலில் கோப்பைத் திறக்கலாம். முதலில் திரை முழுக்க மணல் கொட்டினாற்போல் புள்ளிகள் ஓடும். அது கட்டளைப் பகுதி. கட்டளையைப் படம் என்று நினைத்து வரைந்தால் அப்படித்தான் வரும். கீழே இறங்கிக்கொண்டே போங்கள். திடீரென்று அரைத் தொப்பி தெரியும். அடுத்த கட்டத்தில் மீதித் தொப்பி. கீழே ஒரு ஷூ.

மீசையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்கு அந்த ஆளை வரைந்தபோது இருந்த சில புள்ளிகளில் வாயும் உதடும் வரைய இடமில்லை. மூக்குக்குக் கீழே மீசையை வைத்தால் வாய் தேவையில்லை. தலைமுடி பறப்பதை வரைய இடமில்லாததால் தொப்பி. சிறிய மரியோ உடம்பு முழுக்க மூன்று நிறம்தான்: தொப்பிக்கும் கால்சட்டைக்கும் ஒன்று, தோலுக்கு ஒன்று, மூன்றாவது நிறத்தை மீசை, முடி, சட்டை, ஷூ எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. பூஜ்யம் என்ற நாலாவது எண் நிறமே இல்லை, பின்னால் இருப்பது தெரிவதற்கு விட்ட ஓட்டை.

படி 6: அடங்கலைப் படித்தல்

டைலை மட்டும் பார்த்தால் திரை எங்கே என்று கேட்பீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அடங்கலில் நெல் இருக்காது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்ற குறிப்புதான் இருக்கும். ஃபேமிகாமிலும் அப்படி ஓர் அடங்கல் உண்டு, பெயர் நேம் டேபிள். திரையை 32 பத்தி, 30 வரிசை என்று 960 வயலாகப் பிரித்து, வயலுக்கு ஒரு பைட்: இங்கே 36ஆம் எண் டைல், பக்கத்திலும் 36, அதற்கும் பக்கத்தில் 36. நீலவானம் முழுக்க ஒரே எண் திரும்பத் திரும்ப. ஒரே செங்கல்லை ஒரு தடவை வரைந்து நானூறு இடத்தில் எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

இதோடு 64 பைட் ஒட்டிக்கொண்டு வரும். அது தண்ணீர்ப் பங்கீடு, அதாவது நிறப் பங்கீடு. வயலுக்கு ஒரு மடை வைக்க வசதியில்லாததால் இரண்டுக்கு இரண்டு என்று நாலு வயலுக்குப் பொதுவாக ஒரே மடை. மூன்று நிறம் கொண்ட தட்டு நாலு உண்டு, அந்த நாலில் எது என்பதைத்தான் மடை முடிவு செய்கிறது. ஒரு வயலுக்கு மட்டும் பச்சை வேண்டும், பக்கத்து வயலுக்குச் சிவப்பு வேண்டும் என்று தகராறு செய்ய முடியாது. நாலும் ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும். அதனால்தான் மரியோவில் செங்கல், கேள்விக்குறிப் பெட்டி, குழாய் எல்லாம் 16 புள்ளிக் கணக்கில் சதுரம் சதுரமாக நிற்கின்றன. அழகு பார்த்துச் செய்ததல்ல, மடை அப்படி.

960உம் 64உம் சேர்ந்து 1,024. படம் காட்டும் சிப்புக்குக் கொடுத்த வேலை நினைவகம் 2,048 பைட், அதாவது இரண்டே இரண்டு அடங்கல். மரியோ வலப்பக்கம் ஓட ஓட, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அடுத்த பத்தியை அவசர அவசரமாக எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். அந்த விளையாட்டில் திரும்ப இடப்பக்கம் போக விடமாட்டார்கள், கவனித்திருப்பீர்கள்.

அசையும் ஆட்களுக்குத் தனிப் பதிவேடு. அதில் 64 பேருக்கு இடம். ஆளுக்கு 4 பைட்: எந்த உயரம், எந்த டைல், எந்த நிறத்தட்டு, எந்தப் பக்கம். இதில் ஒரு சட்டம் உண்டு. திரையின் ஒரு கோட்டில் எட்டுப் பேருக்கு மேல் வரைய சிப்புக்கு நேரமில்லை. பதிவேட்டை மேலிருந்து படிக்கும், முதல் எட்டுப் பேருக்குக் கொடுக்கும், ஒன்பதாவது ஆள் காணாமல் போவான். பதிவேட்டில் கடைசியில் இருப்பவன் கடைமடைக்காரன். தலைமடை குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் அவனுக்கு.

விளையாட்டு எழுதியவர்கள் பலர் இதற்குச் செய்த பரிகாரம் நம் பாட்டன் செய்ததுதான்: முறை வைப்பது. ஒவ்வொரு தடவை திரை வரையும்போதும் பதிவேட்டின் வரிசையைச் சுழற்றிவிடுவார்கள். இந்தத் தடவை ஒருவன் மறைந்தால் அடுத்த தடவை வேறொருவன் மறைவான். அதனால்தான் எதிரிகள் கூட்டமாக வந்தால் எல்லாரும் விட்டுவிட்டு மின்னினார்கள். நாமோ டிவி கெட்டுப்போச்சு என்று தலையில் தட்டினோம். காவிரிக்கு 1990இல் அமைத்த நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொல்ல 2007 ஆனது. இங்கே வினாடிக்கு அறுபது தீர்ப்பு, நம் ஊர் டிவிக்கு ஐம்பது. மேல்முறையீடு கிடையாது.

படி 7: நிறத்தைத் தேடி ஏமாறுதல்

நிறம் டைலில் இல்லை என்று சொன்னேன். எங்கே என்றால், 32 பைட் கொண்ட ஒரு சின்னப் பட்டியலில். எவ்வளவு முயன்றாலும் சாதாரணமாக ஒரே நேரத்தில் திரையில் 25 நிறத்துக்கு மேல் வராது. பட்டியலை மாற்றினால் அதே படம் வேறு ஆளாகிவிடும். மரியோவும் லூயிஜியும் புள்ளிக்குப் புள்ளி ஒரே ஆள், சட்டைதான் வேறு. வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே டைல்: வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் புதர். காளான் முகக் கூம்பா நடக்கிறானே, அவனுக்கு நடைப் படம் ஒன்றுதான். அதையே இடம் வலமாகத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான் அந்த நடை.

இருபது வருஷம் ஏமாந்ததற்கு வருத்தப்படுகிறவர்கள் இந்த இடத்தில் காபி குடிக்கலாம்.

படி 8: கான்ட்ராவைத் திறந்து தோற்றல்

தைரியம் வந்து 1988இல் அமெரிக்காவில் வெளியான கான்ட்ராவைத் திறப்பீர்கள். ஆறாவது பைட்டில் பூஜ்யம். படமே இல்லை என்கிறது. அதில் படச் சிப் கிடையாது. 128 கிலோபைட் கட்டளைக்குள்ளேயே படங்களைச் சுருக்கி வைத்து, கட்டம் தொடங்கும்போது விரித்து 8 கிலோபைட் நினைவகத்தில் கொட்டுகிறார்கள். “இந்த எண், இத்தனை தடவை” என்று எழுதும் சுருக்கம். டைல் நிரலில் பார்த்தால் மணல்தான் தெரியும். இதற்கு மெசன் போன்ற எமுலேட்டரில் விளையாட்டை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, நினைவகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஓடும்போது பிடித்தால்தான் உண்டு.

மற்ற பெட்டிகள் பற்றிச் சுருக்கமாக: கேம் பாயிலும் டைலுக்கு 16 பைட்டே, ஆனால் இரண்டு அடுக்கையும் வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி வைப்பார்கள். ஃபேமிகாம் முறையில் திறந்தால் உருக்குலைந்து தெரியும். சேகா மெகா டிரைவில் புள்ளிக்கு 4 பிட், டைலுக்கு 32 பைட், அடுக்குப் பிரிப்பு கிடையாது. பணக்கார வீடு, அங்கே நமக்கு என்ன வேலை.

படி 9: சொந்தமாகப் போடுதல்

இவ்வளவு தெரிந்தபின் “நாகை தமிழில் ஒரு டிவி கேம்” என்ற யோசனை கட்டாயம் வரும். வரட்டும். ஃபைபர் படகு இரண்டு டைல், கலங்கரை விளக்கம் நாலு, எதிரியாக ஒரு நண்டு. பிறகு எழுத்து. தமிழ் எழுத்து 247. பின்னணிக்கு உள்ள டைல் 256. மிச்சம் 9. ஸ்கோர் போட 0 முதல் 9 வரை பத்து எண் வேண்டும். கடலுக்கும் நண்டுக்கும் போகுமுன்பே ஒன்று உதைக்கிறது.

ஜப்பான்காரர்களுக்கும் இதே பாடுதான். 1986இல் வந்த டிராகன் குவெஸ்டில் கத்தகானா எழுத்துகள் அத்தனைக்கும் இடம் ஒதுக்க முடியாமல் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுத முடிகிற பெயர்களையே பூதங்களுக்குச் சூட்டினார்கள்.

நமக்குத் தட்டச்சுப் பொறி வழி இருக்கிறது. காலையும் கொம்புகளையும் தனி டைலாகக் கழற்றிவிட்டால் கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசைகள் அப்படியே மிச்சம். புள்ளி, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை, அவற்றைப் பிரிக்க வழியில்லை. என் கணக்கில் 125 டைலில் தமிழ் முழுவதும் அடங்கும். மீதி 131 டைலில் வேளாங்கண்ணி முதல் நாகூர் வரை தாராளமாகக் கட்டலாம். ஒரே சங்கடம், எட்டுப் புள்ளி அகலத்தில் ண, ஞ, இ மூன்றுக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேன் என்கிறது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் அவசியம் எழுதுங்கள், தபால் செலவு உங்களுடையது.

கடைசிப் படி: 9999 இன் 1

எல்லாரும் கேட்கும் கேள்வி, ஆகவே பதில் சொல்லிவிடுகிறேன். காசெட் மேல் 9999 என்று போட்டிருந்ததே, உள்ளே எத்தனை? மெனுவில் முதல் சில பெயர்கள்தான் உண்மையான விளையாட்டு. மற்றவை அவையே, வேறு பெயரில். ஒன்றில் நேராக மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், ஒன்றில் கையில் பெரிய துப்பாக்கியோடு தொடங்கும். மெனு நிரல் விளையாட்டைக் கிளப்புமுன் நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். டைல் ஒன்றுகூட அதிகம் கிடையாது.

ஆனால் அந்த மெனுத் திரை இருக்கிறதே, பின்னால் பறவை பறக்க, தென்னை மரமும் கடலும், தப்புந்தவறுமான ஆங்கிலமும் கலந்து ஓடுமே, அது ஜப்பானில் யாரும் வரைந்ததல்ல. பெயர் போடாத நகல்காரர் எவரோ மிச்சமிருந்த டைலில் வரைந்தது. மரியோவின் படங்கள் உலகத்தில் ஆயிரம் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பரணில் இருக்கும் மெனு அப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. காசெட்டுக்குக் காசெட் மெனு மாறக்கூடும். ஆகவே தகட்டை ஊதாமல் மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், டம்பர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். அதுவும் முடியாது, வீட்டில் இடம் அடைக்கிறது, பேரீச்சம்பழக்காரர் வாசலில் நிற்கிறார் என்றால், எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழம் நான் வாங்கித் தருகிறேன்.